சாணமும் வேரும் சொல்லும் கணக்கு

நாற்று வாங்க வருகிறவர்கள் இலையைப் பார்ப்பார்கள். மாடு பிடிக்கப் போகிறவர்கள் மடியைப் பார்ப்பார்கள். நானும் இரண்டையும் பார்ப்பேன், ஆனால் கடைசியாகத்தான். குழித்தட்டில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டில், ஒரு செடியை உருவி வேரைப் பார்ப்பது, காலையில் சாணம் அள்ளும்போதே அதைக் கவனித்துக்கொள்வது, இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பாதித் தொழில் தெரிந்த மாதிரி.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறிச் சந்தையை நம்பி நிற்கிற ஊர்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, முருங்கை, இடையில் மக்காச்சோளம். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக் குடில், அதில் குழித்தட்டு நாற்று. அதை ஒட்டித் தொழுவம், நாலைந்து கலப்பினப் பசுக்கள். நாற்றுப் பணம் சீசனுக்கு வரும், பால் பணம் தவறாமல் வரும். மாடு அத்தை பொறுப்பு, குடில் என் பொறுப்பு. எல்லை அவ்வளவு சுத்தமாக இல்லை. தொழுவத்தில் நடப்பது எப்படியாவது குடிலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாணம். நல்ல சாணம் தொப்பென்று விழும், வட்டமாகப் பரவும், நடுவில் சின்னப் பள்ளத்தோடு ஒன்றரை, இரண்டு அங்குல உயரத்தில் நிற்கும். தெறித்து ஓடினால் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கூடிவிட்டது, அல்லது இளம்புல் மட்டும் தின்று நார் போதவில்லை. அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் வெறும் தட்டை மென்றுகொண்டிருக்கிறது, தண்ணீரும் புரதமும் பற்றவில்லை. சாம்பல் நிறத்தில் நுரையோடு புளித்த வாடை அடித்தால் வயிறு புளித்துப்போயிருக்கிறது. சளி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் குடலில் கோளாறு, மருத்துவருக்குப் போன் போட வேண்டியதுதான்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் பழைய வடிதட்டு ஒன்று போதும். இரண்டு கை சாணத்தை அதில் போட்டு, ஓஸ் தண்ணீரை மெதுவாக விட்டு அலசுங்கள். பச்சைத் தண்ணீர் வடிந்ததும் அடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நீளமான நார் நிறைய நின்றால் தீவனம் சரியாகச் செரிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம் உடையாமல் நின்றால், அரைத்துக் கொடுத்த மில்லில் சல்லடை பெரிதாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு மழை பெய்ததும் குப்பைமேட்டில் மக்காச்சோளம் பச்சைப்பசேலென்று முளைத்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய தீவனம் மாட்டு வயிற்றுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்து முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று புரிய அசையூண் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நாம் தொட்டியில் போடும் தீவனத்தை முதலில் தின்பது பசு அல்ல, அந்த முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் பை. வைக்கோலையும் தட்டையும் உடைக்க ஒரு வகை உயிர்கள், மாவுச்சத்தை உடைக்க வேறு வகை. அவை உடைக்கும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைச் சமன்செய்வது எச்சில். பசு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் அதிகமாக எச்சில் சுரக்கும், அதில் சோடா உப்பின் குணம் இருக்கிறது. நார் இருந்தால்தான் அசை போடும், அசை போட்டால்தான் எச்சில் ஊறும். வெயில் தாழ்ந்து மாடுகள் படுத்திருக்கும் நேரம் தொழுவத்தை எட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்துக்கு ஐம்பது, அறுபது மெல்லுக்குக் குறையக் கூடாது. சும்மா படுத்திருக்கிற மாடு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வே இருக்காது. ஆசை ஆசையாகப் பச்சரிசிப் பொங்கலை வாளி வாளியாக வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் அதே கதைதான். மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் அமிலம் ஏறி, நாரை உடைக்கும் உயிர்கள் செத்துப்போகும். மாடு தீனி எடுக்காது, அசை நிற்கும், பல்லை நறநறக்கும், கழிச்சல் வரும், தள்ளாடும். அந்த நிலையில் கைமருந்து பார்த்து நேரத்தைக் கடத்தினால் மாடே போய்விடும். பொங்கல் அன்று ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டால் போதும். அத்தை பாதி வாளி வைக்க வேண்டும் என்பார். "வருசத்துக்கு ஒரு நாளு கண்ணு, அதுக்கும் கணக்கா?" என்று கேட்பார். வாளியை நான் ஒளித்து வைத்துவிடுவேன்.

எந்தத் தீவனமாக இருந்தாலும், நல்ல தீவனமே ஆனாலும், ஒரே நாளில் மாற்றக் கூடாது. புதுத் தீவனத்துக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருக இரண்டு வாரம் ஆகும். பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, சில நாள் விட்டு இன்னொரு கால் பங்கு என்று போக வேண்டும். சந்தையில் ஒரு மாடு வாங்கி வந்தால், விற்றவரிடம் என்ன தீனி போட்டார் என்று கேட்டுக்கொண்டு வருவது அதனால்தான். முடிந்தால் அவர் வீட்டுத் தீவனத்திலேயே ஒரு மூட்டை வாங்கி வந்துவிடுங்கள்.

அளவு பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். உலர் எடை என்பதைக் கவனியுங்கள். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 25 கிலோ புல்லை வெட்டிப் போட்டாலும் உள்ளே போவது 5 கிலோ சத்துதான். அதோடு 3 கிலோ சோளத்தட்டோ வைக்கோலோ. அடர்தீவனம் உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது பொதுக் கணக்கு. 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஐந்தரைக் கிலோ வருகிறது. வேலிமசால், அகத்தி போன்ற பயறு வகைத் தீவனம் தாராளமாகக் கிடைக்கிற நாளில் நாங்கள் அதில் ஒரு கிலோவைக் குறைத்துவிடுவோம். பாலில் குறைவதில்லை. லாபம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு கிலோவில்தான் இருக்கிறது.

கடைத் தீவன மூட்டை வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன், நேரம் இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. வீட்டில் கலப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 22, உளுந்தம் பொட்டோ துவரம் பொட்டோ (பருப்பு உடைக்கும்போது கழியும் தோலும் நொறுங்கலும்) 15, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. எங்கள் பக்கம் மக்காச்சோளமும் பொட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இது கட்டுப்படியாகிறது. உங்கள் ஊரில் கம்பு மலிவாகக் கிடைத்தால் மக்காச்சோளத்தில் ஒரு பகுதிக்குக் கம்பு போடலாம். கடலைப் புண்ணாக்கில் மட்டும் சமரசம் கிடையாது. மழைக்காலத்தில் வாங்கும் புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை லேசாக வந்தாலும் வேண்டாம். அந்தப் பூசணத்தின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு நிற்காது, பாலிலும் இறங்கும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறார்கள்.

தண்ணி காட்டுவது என்று ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, கழனித் தண்ணி எல்லாவற்றையும் தொட்டியில் கரைத்து மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய் நிறுத்துவது. கரைத்துக் குடிக்கிற தீவனத்தை மாடு மெல்லுவதில்லை, எச்சிலும் ஊறாது. அதனால் அடர்தீவனத்தைப் புட்டு மாவு பதத்துக்குப் பிசிறி வைத்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தனித் தொட்டியில் எப்போதும் இருக்கும்படி வைப்பது நல்லது. ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் தேவை. இரவில் தொட்டி காய்ந்திருந்தால் காலையில் பாத்திரம் சொல்லிவிடும்.

பசுந்தீவனத்துக்கு நாங்கள் நம்புவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட கோ 5 இப்போது பரவலாக இருக்கிறது. நட்டு 75, 80 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. ஐம்பது, அறுபது நாள் என்று தள்ளிப்போட்டால் உயரம் ஏறும், வண்டி நிறையும், தண்டு கட்டையாகி மாடு ஒதுக்கும். மிக இளம்பயிராக வெட்டினாலும் கெடுதல், அதில் ஆக்சலேட் அதிகம், உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தாது உப்பு தினமும் 30 முதல் 50 கிராம் தவறக் கூடாது என்பது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்று கலந்து வெட்டினால் மாடும் ருசியாகத் தின்னும்.

சோளம் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூக்காத சோளத்தில், அதிலும் மழையில்லாமல் வாடி நிற்கும் பயிரிலும் வெட்டிய தாளில் துளிர்க்கும் மறுதளிரிலும் நஞ்சு அதிகம். பாதிக் கதிர் பூத்த பிறகு வெட்டலாம். கயிறு அவிழ்ந்து அடுத்தவர் சோளக்காட்டுக்குள் போகும் மாட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

சந்தைக் கழிவு எங்கள் பக்கத்து ஆசை. முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் மடல், விலை விழுந்த நாளில் தக்காளி, எல்லாம் சும்மா கிடைக்கும். ஒரேயடியாக முட்டைக்கோஸ் இலையைக் கொட்டினால் வயிறு உப்பும். கோஸும் காலிஃபிளவரும் பூச்சிமருந்து அதிகம் வாங்கும் பயிர்கள், எந்தக் காட்டிலிருந்து வந்தது, கடைசி மருந்து என்றைக்கு அடித்தது என்று சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அடித்த தேதி தெரிந்த நம் காட்டு இலை என்றால், மருந்தின் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு, முதலில் தட்டைப் போட்டு வயிறு பாதி நிறைந்ததும் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தக்காளிப் பழம் சிறிதளவு பரவாயில்லை. தக்காளிச் செடியும் இலையும் வேண்டாம், அதில் இயற்கையாகவே நச்சு இருக்கிறது.

கன்றுக்குட்டி விஷயத்தில் ஒன்று மட்டும். பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காத்திருக்க வேண்டாம். முதல் நாள் முடிவதற்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் ஒரு பிடி வாயில் தடவிப் பழக்குங்கள். பால் நேராகக் கடைசி வயிற்றுக்குப் போய்விடும், அசையூண் வயிறு வளர்வது தானியமும் நாரும் உள்ளே போய் நொதித்தால்தான். பாலிலேயே கொழுகொழுவென்று வளர்ந்த கன்று, பாலை நிறுத்தியதும் பொசுக்கென்று இளைத்துப்போவது அதனால்.

இப்போது குடிலுக்கு வருகிறேன். தட்டில் நிற்கும் நாற்றுக்கும் ஏறக்குறைய இதே பிரச்சினைதான். பசேலென்று ஏற்றிவிடுவது சுலபம். நட்ட பிறகு தாங்குமா என்பதுதான் கேள்வி.

நாங்கள் 98 குழித் தட்டு பயன்படுத்துகிறோம். தட்டுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ மக்கிய தென்னைநார்க் கழிவு பிடிக்கும். மக்கிய என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பச்சை நார்க் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்து 5 புட்டியும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்கும். கட்டியாக அழுத்தி விற்கிற நார்க் கழிவு வாங்கினால் உப்பு எவ்வளவு என்று கேளுங்கள். உப்பு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே கொஞ்சம் உப்பு, அதில் ஊறவைத்து அலசினால் நார்க் கழிவின் உப்பு எப்படி இறங்கும்? அலசுவதற்கு மட்டும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறோம்.

தொழுவம் குடிலுக்கு வருகிறது என்று சொன்னேன் இல்லையா, அது இங்கேதான். நார்க் கழிவோடு மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுஉரமோ கலப்பது நல்ல பழக்கம். ஆனால் மாட்டுக்குக் கொடுக்கும் உப்பும் தாது உப்பும் முழுவதும் உடம்பில் தங்குவதில்லை, சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வரும். மூத்திரம் ஊறிய குப்பையில் உப்பு ஏறியிருக்கும். முளைவிடும் தக்காளிக்கு அது தாங்காது, இலை நுனி கருகும், வேர் நுனி பழுப்பாகும். அதனால் தட்டுக்குப் போகும் கலவையில் தொழுஉரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக விடுவதில்லை, அதுவும் மூத்திரம் படாத சாணத்தைத் தனியாக மக்கவைத்தது. சந்தேகமிருந்தால் ஒரு தட்டில் அந்தக் கலவையை நிரப்பி வெந்தயம் தெளித்துப் பாருங்கள். சில நாளில் முளைத்துவிடும். நார்க் கழிவு மட்டும் நிரப்பிய குழியில் இருக்கும் வெந்தயத்தோடு ஒப்பிட்டு, வேர் குட்டையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்தக் குப்பை காட்டுக்குப் போகட்டும், தட்டுக்கு வேண்டாம்.

பச்சைச் சாணம், அரைகுறையாக மக்கியது, இரண்டுக்கும் குடிலில் இடம் இல்லை. மாட்டு வயிற்றைத் தாண்டியும் களை விதைகள் உயிரோடு வரும். குவியல் உள்ளுக்குள் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, புரட்டிவிட்டு மறுபடி சூடேறினால்தான் அவை சாகும். சாணமும் மூத்திரமும் வெல்லமும் கரைத்து நொதிக்கவைக்கும் ஜீவாமிர்தம் தெளிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காட்டில் தாராளமாக. தட்டில் நான் தெளிப்பதில்லை. குட்டி நாற்றின் கழுத்து எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வந்துவிடும். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைகோடெர்மா விரிடியை விதையில் கிலோவுக்கு 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைப்பதோடு, தண்ணீரை அளவாக விடுவதுதான் அதற்கு மருந்து. ஏற்கெனவே ரசாயன மருந்து பூசிய விதையாக இருந்தால் இது வேண்டாம்.

விதைத்ததும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, பத்து அடுக்கி பாலிதீன் தாளால் மூடிவிடுவோம். உள்ளே ஈரமும் சூடும் நிற்கும். இந்தத் தொழிலில் பதற்றமான நாட்கள் என்றால் அவைதான். தக்காளி நாலாவது நாளில் கண் விழிக்கும், வெயில் காலமானால் மூன்றாவது நாள் மாலையிலேயே. விடிவதற்கு முன் டார்ச் அடித்து, நடு அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நடுவில்தான் சூடு அதிகம், அங்கேதான் முதலில் முளைக்கும். கருப்பு நார்க் கழிவுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளைவு, கொண்டை ஊசி மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றும் தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். எல்லாக் குழியிலும் வரட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தால் அவ்வளவுதான். இருட்டில் தண்டு விரல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு, பிரித்ததும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அதை எந்த உரமும் நிமிர்த்தாது. மிளகாய் அவசரப்படாது, ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும்.

பிரித்த தட்டை மண்ணில் வைக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்குக் கம்பிப் பரண் கட்டி அதன்மேல் வையுங்கள். குழியின் அடித்துளையில் காற்று பட்டால் வேர் நுனி அங்கேயே காய்ந்து, மேலே புதுப் பக்க வேர்கள் கிளம்பும். மண்ணில் வைத்தால் வேர் துளை வழியாகக் கீழே இறங்கி, தட்டைத் தூக்கும்போது பாதி வேர் அறுந்து மண்ணோடு நிற்கும். தண்ணீர் காலையில் ஒருமுறை பூவாளியில். சாயங்காலம் இலை காய்ந்திருக்க வேண்டும். ஓரத்துக் குழிகள் சீக்கிரம் காயும், அவற்றுக்கு மட்டும் இன்னொருமுறை கையால் விடுவோம். தினமும் எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி ஓஸைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளிடம் குடிலை விட்டால், ஓரம் வாடியும் நடு அழுகியும் நிற்கும்.

உரம் கடைசியாகத்தான். முதல் இரண்டு இலை வரும்வரை விதையிலும் கலவையிலும் இருப்பதே போதும். பதினைந்து, பதினெட்டு நாளில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 3 கிராம் கலந்து ஒருமுறை, தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. வாங்க வருகிறவர்களுக்கு இது பற்றாது. போன ஆடியில் ஒருவர் வந்து தட்டைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏம்மா, நாத்து கட்டையா இருக்குதே, உரங்கிரம் விட்டு இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்தியிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஏத்தியிருக்கலாங்கண்ணா. ஏத்தியிருந்தா உங்க காட்டுக் காத்துக்கு மொத நாளே படுத்துக்குமே" என்று ஒரு நாற்றை உருவிக் காட்டினேன். குழியின் வடிவம் அப்படியே இருக்க, வெள்ளை வேர் சுற்றிலும் பின்னி, நார்க் கழிவு ஒரு துளி உதிராமல் வந்தது. அவர் இன்னொன்றை உருவச் சொன்னார். மூன்று உருவிய பிறகுதான் அட்வான்ஸ் வைத்தார். நல்ல விவசாயி.

நீங்களும் வாங்கும்போது அப்படி உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகப் பின்னியிருந்தால் நாற்று தயார். பழுப்பாக, நுனி வழவழப்பாக இருந்தால் தண்ணீர் கூடிப்போனது. உருவும்போது கலவை உதிர்ந்தால் இன்னும் நாள் போதவில்லை. அடியில் சுருண்டு சுருண்டு மஞ்சளாகக் கிடந்தால் வயது தாண்டிவிட்டது. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40. தட்டிலேயே பூவெடுத்த தக்காளி நாற்றை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வெயிலைக் கூட்டித் தண்ணீரைக் குறைப்போம். நிழல்வலைக்குள் வளர்ந்த இலை மெல்லியது, நேரே வைகாசி வெயிலில் நட்டால் சுட்டுவிடும். இதிலும் மாட்டுத் தீவன மாற்றத்தில் சொன்ன அதே கணக்குதான், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் சாயங்கால வெயில், அப்புறம் காலை வெயில், கடைசி இரண்டு நாள் முழு வெயில். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்துகிறவர்களும் உண்டு. நார்க் கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உறிஞ்சாது, மேலே விட்டது ஓரமாக வழிந்து போய்விடும்.

வைரஸ் நாற்றிலேயே தொற்றினால் காட்டில் ஒன்றும் செய்ய முடியாது. தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. குடிலைச் சுற்றி 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலை, இரட்டைக் கதவு, உள்ளே மஞ்சள் ஒட்டும் அட்டை. அதைவிட முக்கியம், குடில் பக்கத்தில் காய்ப்பு முடிந்த பழைய கத்தரி, தக்காளிச் செடிகளை விட்டுவைக்காமல் பிடுங்கி எடுப்பது. பிடுங்கியதை மாட்டுக்குப் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம், குழியில் போட்டு மூடுங்கள்.

தொழுவமும் குடிலும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். முளைக்காமல் மிஞ்சிய விதையும் கலைத்தெடுத்த நாற்றும் மாட்டுக்கோ கோழிக்கோ போகக் கூடாது. ரோஸ், பச்சை என்று நிறம் பூசிய விதையெல்லாம் மருந்து பூசியவை. அதைத் தொட்ட கையோடு தீவனம் பிசிறுவதும் கூடாது. இன்னொன்று தெளிப்பான். மக்காச்சோளத்துக்கும் நெல்லுக்கும் களைக்கொல்லி அடித்த டேங்கில் நாற்றுக்கு எதையும் கலக்காதீர்கள். 2,4-டி என்ற களைக்கொல்லி துளி மிஞ்சியிருந்தாலும் தக்காளி இலை நார் நாராகச் சுருண்டு திருகிக்கொள்ளும், வைரஸ் என்று நினைத்து மேலும் மருந்து வாங்குவீர்கள். எங்கள் வீட்டில் நாற்றுக்குத் தனித் தெளிப்பான், அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக 'நாத்து' என்று எழுதியிருக்கிறது. கேட்டு வருகிற பக்கத்துக் காட்டுக்காரருக்குக்கூட இரவல் கிடையாது. இதில் கொஞ்சம் கெட்ட பெயரும் வாங்கியாகிவிட்டது.

அனுப்பும் நாளில் காலையில் நன்றாகத் தண்ணீர் விட்டு, தட்டோடு ஏற்றிவிடுவோம். செடியை உருவிக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோவது நாற்றங்கால் காலத்துப் பழக்கம், குழித்தட்டில் அதற்கு அர்த்தமில்லை. டெம்போவில் போகும்போது மேலே தார்ப்பாய் போட்டுக்கொள்ளுங்கள், காற்று இலையைக் காயவைத்துவிடும். நடுவது மாலை நாலு மணிக்கு மேல். நட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவி அடுக்கித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை முன்பணத்தில் கழித்துக்கொள்கிறோம். எத்தனையோ பேர் தட்டை வாய்க்காலில் விட்டுவிட்டு, அப்புறம் போன் எடுப்பதே இல்லை.